பூச்சிதானாம்!

எட்டு வயதில் ஒரு வாரம் நான் எங்கள் வீட்டு ராணியாக இருந்தேன். அந்தப் பதவி எதற்காகக் கிடைத்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பறிகொடுப்பானேன்?

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் எங்கள் சந்துக்கெல்லாம் பொதுவாக ஒரே குழாய். அதன் பின்னால் பொதுக் கழிப்பறை. மழை பெய்தால் சாக்கடைக் கான் நிரம்பி, அழுக்குத் தண்ணீர் எங்கள் வாசற்படி வரை வரும். அந்தச் சேற்றில் வெறுங்காலோடு ஓடுவதுதான் பிள்ளைகளின் விளையாட்டு. என்னோடு சேர்ந்து ஓடியது சித்தப்பாவின் ஆடு. பேலியகொடை மீன் சந்தையில் பெட்டி தூக்கும் சித்தப்பா, கொழுக்க வைத்து விற்கலாம் என்று அதை வாங்கி வந்திருந்தார். ஆடு கொழுக்கிற வழியாக இல்லை. எவ்வளவு பலா இலை போட்டாலும் விலா எலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பானை போலத் தொங்கியது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன். சித்தப்பா எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "ரெண்டும் திங்கிறதெல்லாம் எங்கதான் போகுது?" என்பார்.

பிறகு எனக்குக் களைப்பு வரத் தொடங்கியது. பள்ளிக்கூடப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றேன். ஒருநாள் காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிவதற்குள் மயங்கி விழுந்தேன். அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து மறுநாள் அதில் மலம் கொண்டுவரச் சொன்னார்கள். முடிவு அறிய அடுத்த கிழமை வரவேண்டுமாம்.

அந்தக் கிழமைதான் என் ஆட்சி. அம்மா திட்டவே இல்லை. வீட்டுப்பாடம் கேட்கவில்லை. பொரித்த மீனில் நடுத்துண்டு எனக்கே வந்தது. வேலை விட்டு வரும்போது அப்பா ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். சித்தப்பாகூட என்னை ஆட்டோடு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டார். குழாயடியில் பெண்கள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனதும் பேச்சு மழைக்கு மாறும். ஒரு மாலை அம்மா என்னை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போய், கண்ணை மூடியபடி நெடுநேரம் நின்றாள். அதற்குள் நான் இரண்டு பேரின் சுண்டலையும் தின்று முடித்திருந்தேன்.

முடிவு சொன்ன டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அம்மா. கொக்கிப்புழு. குடலில இருந்து இரத்தம் குடிக்கிற பூச்சி. அதாலதான் இந்தச் சோர்வு."

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "பூச்சிதானா? வேற ஒண்ணும் இல்லீங்களா?"

"ஓம், பூச்சிதான்."

"வேற ஒண்ணுமே இல்லீங்களா டாக்டர்?"

"இல்லையம்மா. குளிசையும் இரும்புச்சத்து மருந்தும் தாறன். வீட்டில எல்லாரும் குளிசை போடவேணும். பிள்ளைக்குச் செருப்பு வாங்கிக் குடுங்கோ. இது காலாலதான் ஏறுறது."

அம்மா சிரித்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டாளா? திரும்பும் வழியில் த்ரீவீலர்காரர், பிள்ளைக்கு என்ன என்று சிங்களத்தில் கேட்டார். "பணுவோ விதரய், அய்யே!" என்றாள் அம்மா. வெறும் பூச்சிதான் அண்ணே என்று, ஏதோ பரிசு விழுந்ததுபோல. சந்து முனையில் செருப்பு வாங்கிய கடைக்கார முஸ்லிம் நானாவிடமும் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் கையை மேலே தூக்கினார். என் வயிற்றுப் பூச்சிக்கு நன்றி சொல்லப்பட்டது அன்றுதான். சந்துக்குள் நுழைந்ததும் அம்மா வீடு வீடாகக் கத்திக்கொண்டே போனாள்: "பூச்சிதானாம்! பூச்சிதானாம்!" என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று கேட்டார்கள். நான் புதுச் செருப்பையே பார்த்தபடி நடந்தேன்.

சித்தப்பா மட்டும் யோசனையில் ஆழ்ந்தார். ஆட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. பிறகு அதை ஒரு த்ரீவீலரில் ஏற்றி, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, மிருக வைத்தியரிடம் போனார். வரும்போது கையில் ஒரு மருந்துப் போத்தல், முகத்தில் வெற்றி.

"இதுக்கும் வயிறு பூரா பூச்சியாம்!" என்று என்னிடம் சொன்னார். "ஆனா அது வேற சாதியாம். ஒன்னோடதுக்குச் சொந்தம் இல்ல."

அன்று மாலை குழாயடியில் அம்மா எங்களை வரிசையில் நிறுத்தினாள். அப்பா பேசாமல் குளிசையை விழுங்கினார். நான் விழுங்கினேன். சித்தப்பா பின்வாங்கினார்.

"எனக்கு எதுக்கு அண்ணி? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"வாயத் தொறங்க தம்பி."

திறந்தார். அடுத்தது ஆடு. சித்தப்பா கழுத்தைக் கட்டிப் பிடிக்க, அப்பா கடைவாயில் மருந்தை ஊற்றினார். ஆடு பொறுமையாக வாங்கிக்கொண்டது. ஊற்றி முடிந்ததும் ஒரு தும்மல். சித்தப்பாவின் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் பாதி மருந்து. சந்தே சிரித்தது. அம்மா நிற்க முடியாமல் குழாய்க்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். போத்தலில் இருந்த மிச்சத்தை மறுபடி ஊற்ற, இந்த முறை சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிரித்து முடிந்ததும் அம்மா என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினாள். சிக்கில் சீப்பு மாட்ட, வலிக்க வலிக்க இழுத்தாள். "ஒரு கிழமையா புத்தகத்தத் தொட்டியா நீ? வெக்கமா இல்ல?" என்று திட்டும் தொடங்கியது. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை கொண்டாட்டமும் என் பூச்சியால்தானே?

"பூச்சி இல்லாட்டி வேற என்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

சீப்பு பாதியில் நின்றது. முதுகில் ஓர் அடி விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் அதே கையால் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மூச்சு முட்டியது. என் கழுத்தில் ஏதோ ஈரமாக விழுந்தது.

ஒரு சின்னக் கேள்விக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று, அவள் பிடியிலிருந்து நெளிந்துகொண்டே நினைத்தேன்.