முள்ளம்பன்றிகளின் தையல்காரி

புதிதாக ஓர் ஆட்டக்காரர் அணியில் சேர்ந்தால் ஐலி நிஸ்கனன் கேட்கிற முதல் கேள்வி, "பேர்ல எத்தனை எழுத்து?" என்பதுதான். எந்த ஊர், எத்தனை கோல் அடித்தவர், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பயிற்சியாளர் பாடு. ஜெர்சியின் முதுகில் பெயரைத் தைக்கிறவருக்கு எழுத்துதான் முக்கியம். போன அக்டோபரில் லீ என்று ஒருவன் வந்தான். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அவனை உட்காரவைத்து ஏலக்காய் ரொட்டி கொடுத்து உபசரித்தார். அதே வாரம் ஸ்லோவாக்கியாவிலிருந்து பதினான்கு எழுத்தோடு இன்னொருவன் வந்து நின்றான். அவன் பெயர் ஒரு தோளில் தொடங்கி மறு தோளில்தான் முடிந்தது. "இது உங்க வம்சத்துப் பேரா, இல்ல விலாசமா?" என்று கேட்டார் ஐலி. அவனுக்கு மொழி புரியவில்லை. ரொட்டி புரிந்தது.

ரெட் ஸ்ப்ரூஸ் முள்ளம்பன்றிகள் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி. சம்பளத்துக்கு ஆடும் அணிதான் என்றாலும், தொலைக்காட்சியில் வருகிற பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே. ஊரில் இருப்பது ஒரு காகித ஆலை, ஓர் ஏரி, இந்த அணி. ஏரி ஐந்து மாதம் உறைந்து கிடக்கும். ஆலை அவ்வப்போது மூடித் திறக்கும். அணி மட்டும் ஐம்பது வருஷமாக நிற்காமல் ஓடுகிறது. நான் அரங்கத்தின் டிக்கெட் ஜன்னலில் உட்கார்கிறவன். பத்தொன்பது வருஷமாக, மாலை மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஐலியின் அறையில் காப்பி குடிப்பது வழக்கம்.

ஐஸைச் சமன்செய்யும் வண்டி நிற்கிற கொட்டகைக்கும் வீரர்கள் உடைமாற்றும் அறைக்கும் நடுவே இருக்கிறது அந்தத் தையலறை. கதவைத் திறந்தால் வியர்வையும் ஈரத்துணியும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். ஐலிக்கு அறுபத்து மூன்று வயது. குள்ளம், அகன்ற தோள்கள், காதுக்குக் கீழே வெட்டிவிட்ட வெள்ளை முடி. பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தவர். ஐஸுக்கு இருபது அடி தூரத்தில் நாற்பத்து நாலு வருஷம் இருந்தும் ஒருநாள்கூட ஐஸ்மேல் கால் வைத்ததில்லை. சறுக்கத் தெரியாது. எங்கள் ஊரில் இது நீச்சல் தெரியாத மீனவனைப் போல. கேட்டால், "விழுந்தா கை ஒடியும். கை ஒடிஞ்சா யாரு தைக்கிறது?" என்பார்.

ஆட்டம் பார்க்கவும் போகமாட்டார். ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொண்டு அறையிலேயே இருப்பார். "துணி வந்து சொல்லும்," என்பது அவர் வாதம். உண்மையில் சொல்லத்தான் செய்கிறது. இடது முழங்கைத் தையல் விட்டிருந்தால், ஐஸைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவர் ஓரமாக யார் யாரை நெருக்கினார்கள் என்று சொல்லிவிடுவார். வலது கை கசங்காமல், மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமலே வந்தால், அவனுக்குத் தோள்வலி, மறைக்கிறான் என்பார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, பயிற்சியாளரைக் கூப்பிட்டு, "உங்க கோல்கீப்பர் மறுபடி காலரைக் கடிக்கிறான். வீட்ல ஏதோ நடக்குது. இன்னிக்கு அவனை உக்கார வைங்க," என்றார். பயிற்சியாளர் சிரித்துவிட்டு அவனையே இறக்கினார். ஆறு கோல் விட்டான். அவன் மனைவி அன்று காலைதான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள் என்பதும், அதை அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. பெண் குழந்தை. இப்போதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் தையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

அரங்கத்தின் கூரையிலிருந்து தொங்கும் பதாகைகளும் ஐலியின் பொறுப்புதான். லீக் கோப்பை மூன்று, மேற்குப் பிரிவில் முதலிடம் ஐந்து, சிறந்த கோல்கீப்பர் விருது இரண்டு, பயிற்சியாளருக்கு ஒன்று, புதுமுகத்துக்கு ஒன்று, இனி யாருக்கும் தருவதில்லை என்று ஓய்வு கொடுத்துவிட்ட ஜெர்சி எண்கள் இரண்டு. ஆகமொத்தம் பதினான்கு. ஆகஸ்ட் மாதம் பதினான்கையும் இறக்கி, துவைத்து, விளிம்பு பிரிந்ததைத் தைத்து, மறுபடி ஏற்றுவார். வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து ஆண்டுகளைப் படிப்பார்கள். ஐலிக்கு அவை வேறு கணக்கு. "தொண்ணூத்தி நாலு லீக் கப்பு மட்டமான துணி. அந்த வருஷம் ஜெயிப்போம்னு யாரும் நினைக்கல, அவசரத்துல வாங்கினது," என்பார்.

இந்த ஜனவரியில் அணி நிர்வாகத் தலைவர் வாரன் ஸ்ட்ரௌட் ஒரு தாள் அனுப்பினார். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அணியின் பொன்விழா. ஐம்பது வருஷ விருதுகளையும் ஒரே பெரிய பதாகையில் வரிசையாகத் தைத்து ஏற்ற வேண்டும். தாளில் பதினான்கு வரிகள் இருந்தன. ஐலி விரல் வைத்துப் படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"எண்பத்தி நாலு எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் முக்காலிமேல் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கினார். உள்ளே துணியில் கோடு போடும் சாக்குக்கட்டிகளைப் போட்டு வைத்திருந்தார். பத்தொன்பது வருஷமாக அதைச் சர்க்கரைக் கிண்ணம் என்றே நினைத்திருந்தேன். கறுத்துப்போன வெள்ளி. கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினார். லீகின் நன்னடத்தைக் கோப்பை, 1984, ரெட் ஸ்ப்ரூஸ் முள்ளம்பன்றிகள். ஒரு பருவம் முழுவதிலும் மிகக் குறைவாகத் தண்டனை வாங்கிய அணிக்குக் கொடுப்பது.

இதை ஊரில் யாரும் பேசாததற்குக் காரணம் உண்டு. அந்தப் பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் கேப்டன் ரெஜிஸ் தெல்லியே, பைன் ரிவர் அணியின் டேல் ஓஸ்மண்ட் என்பவனைப் பலகைச் சுவரில் மோதித் தள்ளினார். விதிப்படி அது தப்பில்லை, நடுவர் விசில்கூட ஊதவில்லை. ஆனால் ஓஸ்மண்ட் அதற்குப்பின் ஆடவே இல்லை. கழுத்தெலும்பு. அவனுக்கு இருபது வயது. ரெஜிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்த வருஷம் நம்மில் யாரும் யாரையும் அடிப்பதில்லை என்று உடைமாற்றும் அறையில் சொன்னாராம். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். விளைவு, எழுபது ஆட்டத்தில் பதினொரு வெற்றி, லீகில் கடைசி இடம். ஊர் அவர்களுக்கு ஆட்டுக்குட்டிகள் என்று பேர் வைத்தது. கோப்பையை வாங்கிவர யாரும் போகவில்லை. அது பார்சலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ஐலி. அன்றைய மேலாளர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க மறுத்துவிட்டார். ரெஜிஸ் அந்த வசந்தத்தோடு ஆட்டத்தை விட்டார். இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பயிற்சிக்குக் குழந்தைகளை அரங்கத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடுவார். நாற்பது வருஷத்தில் ஒருமுறையும் உள்ளே வந்ததில்லை.

ஐலி தாளின் நடுவே பென்சிலால் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினார். மறுநாள் மூன்று மணிக்கு வாரனே இறங்கி வந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர், மரியாதையான மனிதர். பதாகையின் துணி மேசையில் விரிந்து கிடந்தது.

"ஐலி, அது கடைசி இடம் வந்த வருஷம். அதையெல்லாம் போயி தொங்கவிடுவாங்களா?"

"தோத்ததைத் தைக்கல வாரன். வாங்கினதைத் தைக்கிறேன்."

"முள்ளம்பன்றின்னு பேரு வச்சுக்கிட்டு நல்ல பிள்ளைப் பரிசு வாங்கினோம்னு போட்டா வெளியூர்க்காரன் சிரிக்கமாட்டானா?"

"போன வாரம் ஏழு கோல் வாங்கினோமே, அப்ப அழுதானா?"

நான் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். வாரன் சிரிக்கவில்லை. அப்படியானால் பதாகையை நகரத்தில் கொடுத்து அச்சடித்துக்கொள்வதாகச் சொன்னார். ஐலி துணியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அவர் கையில் கொடுத்தார். அப்புறம் தையல் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். பருவத்தின் நடுவில், அந்த நேரத்தில், அந்த இயந்திரம் ஓய்ந்து நான் கேட்டதில்லை. வாரனும் கேட்டிருக்கமாட்டார். துணியோடு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஒண்ணுல அப்படி என்ன இருக்கு உங்களுக்கு?" என்றார், இறங்கிய குரலில்.

ஐலி சொன்னதை நானும் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன், மதுக்கடைக் கும்பல் ஒன்று ஐலியிடம் வந்து, கேப்டன் ஜெர்சியில் ஒரு வேடிக்கை செய்துதரச் சொன்னது. ஐலிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எதைக் கொடுத்தாலும் தைத்துக் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுத்த காலம். வெள்ளைக் கம்பளித் துணியில் ஓர் ஆட்டுக்குட்டி வெட்டி, முள்ளம்பன்றிச் சின்னத்தின்மேல் தைத்து ரெஜிஸின் கொக்கியில் மாட்டிவிட்டார். கழற்றி எறிந்துவிட்டு வேறு ஜெர்சி கேட்பார், ஒரு சிரிப்போடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ரெஜிஸ் அதையே போட்டுக்கொண்டு ஐஸில் இறங்கினார். இரண்டாயிரம் பேர் ஆடு மாதிரிக் கத்த, அறுபது நிமிஷமும் ஆடினார்.

"ஜெர்சி திரும்பி வந்துச்சு. அதுல ஒரு தையல்கூட விடல," என்றார் ஐலி. "அவர் பிச்சுப் போட்டிருந்தா எனக்கு இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது."

வாரன் துணியை மேசையில் வைத்தார். ஓரமாக, கொஞ்சம் சின்ன எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். ஐலி மற்ற வரிகளின் அளவிலேயே தைத்தார். அளவு பற்றி யாரும் பிறகு வாய் திறக்கவில்லை.

பதாகை முடிந்த வாரம் அவர் இன்னொரு காரியம் செய்தார். குளிர் பூஜ்யத்துக்கு இருபத்தெட்டு டிகிரி கீழே இருந்த ஒரு பிற்பகல், பள்ளி வாசலில் குழந்தைகளோடு வரிசையில் நின்று ரெஜிஸின் பேருந்தில் ஏறிவிட்டார். பெரியவர்களை ஏற்றக் கூடாது என்று ரெஜிஸ் சொன்னாராம். அப்படியென்றால் இறக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு முதல் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். இருபத்து மூன்று நிறுத்தங்கள். கடைசிக் குழந்தையும் இறங்கிய பிறகுதான் ஐலி விஷயத்தைச் சொன்னார். அந்த ஆட்டுக்குட்டியைத் தைத்தது தான்தான் என்று.

"தெரியும்," என்றாராம் ரெஜிஸ், கண்ணாடியில் பார்த்தபடி. "அவ்வளவு சின்னத் தையல் இந்த ஊர்ல வேற யாரு போடுவா? காது நல்லா வந்திருந்துச்சு. மூக்குதான் கொஞ்சம் பெருசு."

ஐலி என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்தாரா, மூக்கைச் சிந்தினாரா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். விழாவுக்கு வருவதாக ரெஜிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் பேருந்தைக் கழுவ வேண்டும் என்றாராம். பிப்ரவரிக் குளிரில் எந்தத் தண்ணீரில் பேருந்து கழுவுகிறார் என்று ஐலி கேட்கவில்லை. ரெஜிஸ் பெயருக்கு ஒரு டிக்கெட்டை என் ஜன்னலில் வைத்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான்.

விழா மதியம் இரண்டு மணிக்கு. எதிரணி பைன் ரிவர், ஓஸ்மண்டின் பழைய அணி. அரங்கம் நிறைந்து, படிகளிலும் ஆட்கள் நின்றார்கள். ஐலி வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்ட நேரத்தில் அறையை விட்டு வந்து, என் ஜன்னலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டார். இருக்கை தருகிறேன் என்றேன். பழக்கமில்லை என்றார். இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ரெஜிஸ் வந்தார். நல்ல உயரம், இப்போது கொஞ்சம் கூன். டிக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், கதவை ஒட்டியே நின்றார்.

பதாகை மெல்ல ஏறியது. அறிவிப்பாளர் வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். நன்னடத்தைக் கோப்பை என்று வந்ததும், எதிர்பார்த்தபடி அங்கங்கே சிரிப்பு எழுந்தது. ஒருவன் ஆடு மாதிரிக் கத்தவும் செய்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேறொரு சத்தம் கேட்டது. பைன் ரிவர் அணியின் பெஞ்சு. அவர்களுடைய வயதான பயிற்சியாளர் முதலில் எழுந்தார். பிறகு அவருடைய ஆட்டக்காரர்கள் வரிசையாக எழுந்து, மட்டைகளால் பலகைச் சுவரைத் தட்டத் தொடங்கினார்கள். ஐஸ் ஹாக்கியில் எதிராளிக்குக் கொடுக்கிற மரியாதை அது. எங்கள் பெஞ்சும் தட்டியது. அப்புறம்தான் மேலே இருந்தவர்களுக்கு ஏதோ புரிந்தாற்போல ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

ரெஜிஸ் அண்ணாந்து அந்த ஒரு வரியைப் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டு கதவுப்பக்கம் திரும்பினார். கைப்பிடியில் கையும் வைத்துவிட்டார்.

"ரெஜிஸ், நில்லுங்க," என்றார் ஐலி. "கோட்டுப் பட்டன் தொங்குது. விழுந்துடும்."

ரெஜிஸ் குனிந்து பார்க்குமுன் ஐலி அவரைத் தோளைப் பிடித்து அரங்கத்தின் பக்கம் திருப்பி, முன்னால் நின்றுவிட்டார். கோட்டின் மேல் பட்டனைப் பிடித்துக்கொண்டு, தன் காலரில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை எடுத்து நூல் கோத்தார். "அசையாதீங்க. குத்திடும். தலையைத் தூக்கிக்குங்க," என்றார். ரெஜிஸ் தலையைத் தூக்கினார். தூக்கினால் பார்க்க அந்தப் பதாகை ஒன்றுதான் இருந்தது. மட்டைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. நான் இரண்டு அடி தூரத்தில் இருந்தேன். பட்டன் உறுதியாகத்தான் இருந்தது. ஐலி ஒரு நிமிஷத்தில் நாலு பட்டன் தைத்துவிடக்கூடியவர். அந்த நான்கு துளைகளில் ஊசியை விட்டு எடுத்து, விட்டு எடுத்து, முகத்தை நிமிர்த்தாமல், சத்தம் ஓயும்வரை தைத்துக்கொண்டே இருந்தார்.