செம்பருத்தி காட்டிக் கொடுத்தது

நாலு நாள் முன்பு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். புத்தூர் போய்க் கட்டும் போட்டாயிற்று.

துபாயில் வேலை பார்க்கும் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாள்.

தினமும் வீடியோ காலில் அவளுக்குச் செடிகளைக் காட்ட வேண்டும். இன்றும் இடது கையில் போனைப் பிடித்து, அவள் ஆன்லைனில் வாங்கி அனுப்பிய சக்குலன்ட் என்ற சதைப்பற்றுச் செடிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

“செம்பருத்திய காட்டு நைனா.”

“அது அங்கதாம்மா இருக்குது.”

“காட்டுன்றேன் இல்ல?”

காட்டினேன். இலையெல்லாம் தொங்கிப்போய், தொட்டியைச் சுற்றி மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன.

“வெயிலு ஜாஸ்திம்மா.”

“போன வருசமும்தான் வெயிலு அடிச்சிது. ஜுரத்துலகூட அதுக்குத் தண்ணி ஊத்தாம நீ இருந்ததில்ல. போனு வேற ஆடிக்கினே இருக்குது.”

முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

“செடிய காட்னது போதும். உன்ன காட்டு.”

கேமராவைத் திருப்பினேன். கட்டைப் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வருகிறாள்.

சக்குலன்ட்களை அனுப்பியபோது, “பதினஞ்சு நாளு தண்ணி இல்லன்னாலும் ஒண்ணும் ஆவாது நைனா” என்றாள். உண்மைதான். வீட்டில் நான் இருக்கிறேனா இல்லையா என்பதுகூட அவற்றைப் பார்த்தால் தெரியாது.

ஒற்றைக் கையால் செம்பருத்திக்கு மக்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் உங்களைக் காட்டிக் கொடுக்கும் செடி எது?