அப்பா வார்த்த ஈய மீன்

கட்டைவிரல் அளவில் ஒரு மீன். வாலும் செதிலும்கூட இருந்தன. மரத்துண்டில் கத்தியால் அச்சுக் குடைந்து, அதில் உருகிய ஈயத்தை ஊற்றி, ஆறியதும் அப்பா அதை என் தம்பியின் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளி போல மின்னியது. "எனக்குப்பா?" என்று சமையலறைக் கதவோரம் நின்று கேட்டேன். "உனக்கு எதுக்கு லா? போயி அம்மாவுக்கு நெத்திலி ஆஞ்சு குடு" என்றார். தம்பிக்கு அப்போது நான்கு வயது, எனக்கு ஒன்பது.

மலேசியாவில் பாசிர் கூடாங்கில் வரிசை வீடு எங்களுடையது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஓய்வு நாளில் மீன் பிடிக்கப் போவார். தூண்டில் நூலில் கட்டும் எடைக்குண்டை எங்கள் பக்கம் மலாய்ச் சொல்லால் லாடுங் என்போம். அதை அவர் கடையில் வாங்கியதில்லை. டயர் கடையில் கழித்துப்போட்ட ஈயத்துண்டுகளைக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பழைய சட்டியில் உருக்கித் தாமே வார்ப்பார். பக்கத்தில் குட்டி முக்காலியில் தம்பி இருப்பான். எனக்கு அங்கே இடமில்லை. நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டே சன்னல் கண்ணாடிகளின் இடுக்கு வழியே பார்ப்பேன். இருவரும் எதற்கோ சிரிப்பார்கள். எதற்கு என்று எனக்குக் கேட்காது. அதுதான் அதிகம் எரிந்தது.

அந்த ஆண்டு தம்பிக்கு அடிக்கடி வயிறு வலித்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினான். முகம் வெளுத்தது, தொட்டதற்கெல்லாம் கத்தினான், தெரிந்த வார்த்தைகளைக்கூடத் தேட ஆரம்பித்தான். அம்மா அவனை மடியைவிட்டு இறக்கவில்லை. அவனுக்கு மட்டும் மைலோ, பிஸ்கட், தலைகோதல். எனக்கும் வயிறு வலிக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பாக்குறியா?" என்றார் அம்மா.

ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், 'பிளம்பும்' என்ற ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று மலாயில் சொன்னாராம். அது என்னவென்று அப்பாவுக்குப் புரியவில்லை. தொழிற்சாலைப் புகைதான் என்று அவரே முடிவு செய்தார். தெருவே அதை ஒப்புக்கொண்டது.

அடுத்த வாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு தமிழ்த் தாதி வந்தார். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். அவர் சன்னல் கம்பிகளில் உரிந்திருந்த பெயின்டைச் சுரண்டி எடுத்தார். குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார். அம்மாவின் கண்மை டப்பாவைக்கூட விடவில்லை. பிறகு சோபாவில் உட்கார்ந்து, "தம்பி எங்கங்க வெளாடுவான்?" என்று கேட்டார்.

"ஹால்லதான் மிஸ்ஸி, டிவி முன்னால" என்றார் அம்மா.

"இல்ல!" என்றேன். அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை. "அவன் எப்பவும் அப்பாகூட பின்னாலதான் இருப்பான். என்ன மட்டும் விடமாட்டாங்க."

"அங்க என்ன செய்வாங்க பாப்பா?"

உதவ வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. முறையிட ஒரு ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். சட்டியில் மிதக்கும் சாம்பல் ஏட்டை அப்பா வழித்துப் போடும் இடத்தையும், அதில் தம்பி விரலால் கோடு கிழிப்பதையும், கை கழுவாமல் ரொட்டி தின்பதையும், இரவில் அந்த மீனை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே தூங்குவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாசத்தோடு பார்க்கிறவர்கள் அவ்வப்போது கண்ணை எடுப்பார்கள். நான் எடுத்ததே இல்லை.

மிஸ்ஸி கையுறை போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். சட்டியைக் காட்டி, "அண்ணே, டாக்டர் சொன்ன பிளம்பும் இதுதான். ஈயம்" என்றார்.

"இதுவா? இது லாடுங்தானே மிஸ்ஸி?" என்றார் அப்பா. அப்புறம் தம்பியைப் பார்த்தார்.

சட்டி, அச்சு, மீன் எல்லாவற்றையும் சுகாதார அலுவலகத்தார் கட்டி எடுத்துப் போனார்கள். கொட்டகையை ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தோம். எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தபோது அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். நான் குளியலறைக்குப் போய் அழுதேன். அந்த வீட்டில் எனக்கு மட்டும் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. தம்பி மருத்துவமனையில் மருந்தேற்றிக்கொண்டு கிடந்தான். அப்பா விடுப்புப் போட்டுவிட்டு அவன் கட்டிலருகே தரையில் படுத்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். ஆனால் எழுத்துகள் அவனுக்கு எளிதில் வசப்படவில்லை. அப்பா தூண்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓய்வு நாளெல்லாம் அவனோடு வாசிக்க உட்கார்ந்தார். நான் வகுப்பில் முதலாவதாக வந்த அட்டையில் கையெழுத்துப் போட்டபோதும் அவர் கண் அவன் புத்தகத்தில்தான் இருந்தது. குற்ற உணர்ச்சியும்கூட ஒருவகைப் பாசம்தான். அதிலும் எனக்குப் பங்கில்லை.

தம்பி இப்போது தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிடங்கு வேலைக்குப் போய்வருகிறான். சட்டென்று கோபம் வரும், மறதி உண்டு. நல்லவன். என்னைவிட அவன்தான் அப்பாவைச் சிரிக்க வைக்கிறான்.

போன மாதம் அப்பா உலு திராமில் என் வீட்டுக்கு வந்திருந்தார். பல வருடங்களாக நான் எனக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். அன்று கேட்டுவிட்டேன். "அப்பா, அது கெடுதல்னு கொஞ்சமாவது தெரிஞ்சுதான் என்ன கிட்ட விடலியா?"

காப்பியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிருந்தா அவன விட்டிருப்பேனா? ஆம்பளப் பையன், கூடவே வச்சிக்கணும்னு ஆசை. உன்ன அப்ப நெனக்கவே இல்லம்மா."

ஆமாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். என் நல்ல இரத்தம் யாரும் என்னை நினைக்காததால் எனக்குக் கிடைத்தது என்று இந்த வயதில் அவர் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

அப்போது தம்பியின் அழைப்பு வந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். "சாப்டியா? பாலத்துல ஜாமா? மழை வருது, மெதுவா வா லா" என்று அவர் குரல் இளகியது. என் மகள் பின்னாலேயே ஓடி அவர் கைலியைப் பிடித்து இழுத்தாள். பேச்சை நிறுத்தாமலே குனிந்து அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். நான் பெற்ற பிள்ளை அவள். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.