விற்று வாங்கிய பிள்ளை

ஆறு வயதுப் பிள்ளை வாசலில் நின்று அழும்போது, உள்ளே நிற்கும் தாய் கதவைத் திறக்காமல் இருப்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்? அன்று வாசலில் நின்ற பிள்ளை நான். இன்று நான்கு வயதுப் பெண்ணொருத்திக்குத் தாய். இன்னும் எனக்கு விடை தெரியாது.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டின் மூன்றாம் தட்டில் இருந்தோம். ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அதே ஒழுங்கையின் மறு முனையில் அம்மன் கோயில். எனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்து வலிப்பும் கண்டது. ஆஸ்பத்திரியில் வைத்து அம்மா நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் உனக்கே தருகிறேன்.

பயப்பட வேண்டாம், உண்மையில் யாரும் கொடுத்துவிடுவதில்லை. விற்று வாங்குவது என்று சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் அது இப்படி நடக்கும்: தாயும் தகப்பனும் பிள்ளையைச் சந்நிதியில் இருத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அது அம்மனின் பிள்ளை; திரும்ப வாங்கும்வரை தாய் அதை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது. பிறகு தாய்மாமன் வந்து, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கொத்து அளவு அரிசியும் தேங்காயும் கொடுத்து, பிள்ளையை அம்மனிடம் வாங்கி, 'இனி என் பிள்ளையை நீ வளர்த்துத் தா' என்று தாயிடம் ஒப்படைப்பார். மாமன் பொதியோடு தூணுக்குப் பின்னால் தயாராக நிற்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் முடியவில்லை. காரணம் சுபநேரம். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என்னை இருத்த வேண்டும் என்று பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வரவேண்டிய மாமா பத்து மணி பதினொன்றுக்கும் வந்து சேரவில்லை. அப்போது அவரிடம் கைத்தொலைபேசியும் இல்லை.

"கொஞ்சம் பார்ப்பமே," என்றார் அப்பா.

"நேரம் தப்பினால் பிறகு அடுத்த மாசம்தான். அண்ணா வந்துகொண்டிருப்பார், இருத்துங்கோ," என்றார் அம்மா.

வாங்குபவர் இல்லாமலே விற்றுவிட்டார்கள். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

காலையில் தலை பின்னும்போது அம்மா எனக்கு எல்லாம் விளங்கப்படுத்தித்தான் இருந்தார். "மாமா வந்து தூக்குவார். அம்மா வீட்டில கதவடியில நிப்பன், என்ன?" நானும் ஓம் என்றேன். அம்மா சொன்னால் அது நடக்கும். பள்ளிக்கூடம் விட்டால் வாசலில் அம்மா நிற்பார். மாடிப்படியில் என் காலடி கேட்டதுமே கதவைத் திறப்பார். நான் தட்டவேண்டி வந்ததே இல்லை.

என்னை இருத்தினார்கள். அம்மாவின் ஊதாச் சேலை வெளிமண்டபத்தைக் கடந்தது. நான் ஒருமுறை கூப்பிட்டேன். அவருடைய தோள் மட்டும் அசைந்தது, தலை திரும்பவில்லை. அப்பா மாமாவைத் தேடி, பஸ் வரும் காலி வீதிப் பக்கம் போனார்.

ஐயர் நல்ல மனிதர். என்னைச் சிரிக்கவைக்க நினைத்து, "இனி நீர் அம்மாளின்ர பிள்ளை. இஞ்சதான் சாப்பாடு, இஞ்சதான் படுக்கை. கோயில் மணி அடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்.

அவர் அடுத்த அர்ச்சனைக்குத் தட்டு எடுக்க உள்ளே போன நேரம் நான் எழுந்து, பக்கவாசலால் ஓடிவிட்டேன். ஒரு ஒழுங்கைதான், வழி தெரியும். செருப்பில்லாமல் ஓடினேன். மூன்று மாடியும் ஏறினேன்.

கதவு திறந்தது. அம்மாதான். என் தலைக்கு மேலால் மாமாவைத் தேடினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறியதை நான் அதற்கு முதலும் பிறகும் கண்டதில்லை.

"மாமா எங்க?"

"வரேல்லை. நான் ஓடி வந்திட்டன்."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

அந்த நிமிடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் அழுகை வரவில்லை. பிழையான கதவுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்து இலக்கத்தைப் பார்த்தேன். எங்கள் இலக்கம்தான். பிறகு இரண்டு கையாலும் தட்டினேன். "அம்மா, நான்தான்! அம்மா!" என்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டார் என நம்பினேன்.

குனிந்து கதவின் கீழ் இடைவெளியால் பார்த்தேன். இரண்டு பாதங்கள் தெரிந்தன. மிஞ்சி போட்ட, எனக்கு நன்றாகத் தெரிந்த பாதங்கள். கதவோடு ஒட்டி நின்றன. நான் அலற அலற அவை அசையவில்லை. கொஞ்ச நேரத்தால் அவையும் மறைந்தன. சமையலைப் பார்க்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அன்ரியின் மடியில் நான் பாதி வளர்ந்தவள்.

"என்ன மகள் இது, காலெல்லாம் மண்ணு! வாங்க உள்ளுக்கு."

"அம்மா கதவு திறக்கிறா இல்லை. என்னைக் கோயிலுக்குக் குடுத்திட்டா."

"அப்ப நல்லதாப் போச்சு, நான் வெச்சுக்கிறேன். வாங்க, பிஸ்கட் இருக்கி."

அரை மணி நேரத்தின் பின் மாமா மூச்சு வாங்க அன்ரி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவும் பின்னால் வந்தார். மஞ்சள் முடிச்சு அவிழ்ந்து, அரிசி பாதி குறைந்திருந்தது. வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பொதியில் என்ன, எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்: அரிசி கொடுத்துப் பிள்ளை வாங்கப் போகிறேன் என்று.

"அதுக்குப் பிறகு விடுவாங்களே?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அப்பா.

"இந்த அரிசிக்கு எங்கட மகளத் தரமாட்டோம், நிறை குறைவு," என்றார் அன்ரி. ஆனால் உள்ளே போய், தன் வீட்டு அரிசியால் அந்தக் கொத்தை நிரப்பி முடிந்து கொடுத்தவரும் அவர்தான்.

மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபடி கோயிலுக்கு ஓடினார். என்னைத் தேடி ஒழுங்கையில் நின்ற ஐயர் கையெடுத்துக் கும்பிட்டார். வாங்கினார்கள், கொண்டுவந்தார்கள். இம்முறை எங்கள் காலடி கேட்டதுமே கதவு திறந்தது. அம்மா என்னைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. நான் அவரைக் கட்டிப்பிடிக்கவில்லை. அதன் பிறகு பல மாதங்கள், திறந்திருந்த கதவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நான் அம்மாவை நம்பியதற்கு ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் அவர் கதவைத் திறந்திருக்கிறார். அவர் அம்மனை நம்பியதற்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, இருந்தும் அதுதான் வென்றது. இப்படித்தான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். போன மாதம் அன்ரியைப் பார்க்கப் போனபோது, பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது என்னைத் திரும்பவும் அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

"உங்கட உம்மாதானே மகள் எனக்குப் போன் எடுத்த. 'பிள்ளை வெளியில நிக்குது, கூப்பிட்டு வெச்சிருங்கோ, நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ' எண்டு. அழுது அழுது, கதைக்கவே ஏலாமப் போச்சு அவவுக்கு."

பாதங்கள் மறைந்தது அதற்காகத்தான். மூடிய கதவை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அவர் நம்பியிருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்துக்கொள்ள அவர் அழைத்தது எதிர்வீட்டை. பிஸ்கட் தின்றுகொண்டிருந்த எனக்கு, அந்தக் கதவையும் அம்மாதான் திறந்தார் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "அப்ப நீங்கள் ஆரை நம்பினனீங்கள்?"

"இப்ப என்னத்துக்கு அது? நீ இருக்கிறாய்தானே," என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயத் தொடங்கினார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் மகளுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது, ஆஸ்பத்திரி நடையில் நின்று நானும் அதையே நேர்ந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. கோயிலுக்கு ஒழுங்காகப் போகாத என் வாயால் வந்தது. பிள்ளை தேறிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நாள் வைத்திருக்கிறோம். மருதானையிலிருந்து வரவேண்டிய என் தம்பியை முதல்நாளே வரச் சொல்லிவிட்டேன். இருந்தாலும் அவள் கூப்பிடுவாள். நான் திரும்பாமல் நடக்கவேண்டும். திரும்பினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். திரும்பாவிட்டால் அவளும் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வருகிற பிள்ளையாகிவிடுவாளோ என்று பயம்.

இந்த நேர்த்தியைச் செய்த தாய்மார் இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். என்ன செய்தீர்கள், பிள்ளைக்கு முன்கூட்டி என்ன சொன்னீர்கள்? முக்கியமாக, உங்களில் யாராவது திரும்பிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், உங்கள் பிள்ளை சுகமாக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.