மச்சாளின் இடக்கை

மார்கழி வாடை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெரிதாக வேலை இருக்காது. வயல் தன்பாட்டில் நிற்கும், மழை தன்பாட்டில் பெய்யும், சனம் நனைந்த கோழி மாதிரிக் குந்தியிருக்கும். எனக்கும் மச்சாளுக்கும், அதுதான் என் அண்ணாவின் மனைவிக்கும், அந்த நாட்களில்தான் கை துருதுருக்கும். லேஸ் மாதிரி மெல்லிசாய் ரேந்தைச் சால்வை பின்னுவோம். "வட்டக்கச்சியில ஆர் சால்வை போடுறது?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. போடுவதற்காகவா பின்னுகிறோம்? நூலை ஒருதரம் சுற்றிவிட்டு இரண்டு கண்ணிகளைச் சேர்த்து எடுத்தால் ஓர் ஓட்டை விழும். ஓட்டைகள் சேர்ந்து சேர்ந்து ஒரு நேரத்தில் இலையாகத் தெரியும். அந்த நேரத்தில் வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

கடையில் விற்கும் ஊசி ரேந்தைக்குத் தடிப்பு. அண்ணா பழைய சைக்கிள் சில்லிலிருந்து கம்பிகளைக் கழற்றி, முனையை அராவித் தருவார். நூல், வெளிநாட்டுப் பார்சல்களில் வரும் சுவெற்றர்களைப் பிரித்து எடுப்பது. இந்த வெக்கை ஊருக்கு அவற்றை ஏன் அனுப்புகிறார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மச்சாளின் ஒரே மகள் கலியாணம் முடித்துக் கனடா போன வருடம்தான் மச்சாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதென்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சந்தன நிறச் சுவெற்றர் ஒன்றை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார்.

"பிள்ளைக்கு அங்க முதல் குளிர். என்ர கையால ஒண்டு போகோணும். நீ சொல்லிப்போடாதை. பார்சலைப் பிரிச்சுப்போட்டு முழிக்கட்டும்," என்றார். அண்ணாவுக்கும் சொல்லவில்லை. அண்ணாவின் வாயில் எதுவும் நிற்காது.

இரத்தம் சுத்திகரிக்கும் நாட்களில் நான்தான் கூடப் போவேன். இடக்கையில் ஊசி குத்தி மெசினோடு இணைத்துவிடுவார்கள். முடியும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. முதல் நாள் பின்னலைப் பையிலிருந்து எடுத்துவிட்டு, ஒற்றைக் கையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார். வருத்தம் இன்னதென்று டொக்டர் சொன்னபோது அழாதவர், பின்ன ஏலாது என்று அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அழாதேங்கோ மச்சாள். இடக்கைக்கு நான் இருக்கிறன்," என்றேன்.

கட்டிலோடு கதிரையை இழுத்துப்போட்டு இடது ஊசியை நான் பிடித்தேன். கண்ணிகளை ஒவ்வொன்றாக முனைக்குத் தள்ளிக்கொடுப்பது என் வேலை. வலது ஊசியும் நூலும் அவருடைய கையில். முதலில் ஒரே சண்டை.

"தள்ளடி! நித்திரையோ?"

"நீங்கள் இவ்வளவு இறுக்கினா எப்பிடித் தள்ளுறது?"

"உன்ரை மாதிரிப் பின்னினா அது சால்வையில்லை, மீன் வலை."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தன் வேதனையை மறந்து சிரித்தார். சில நாட்களில் இரண்டு பேருடைய கைகளும் பழகிவிட்டன. அவர் கேட்குமுன் கண்ணி முனையில் நிற்கும். வெளியே மழை, உள்ளே மெசினின் இரைச்சல், எங்களுக்கு நடுவில் இலை இலையாகச் சால்வை வளர்ந்தது. ஒரு மனுசி செத்துக்கொண்டிருந்த அந்தக் கட்டிலடியில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவரும்தான். கேட்பவர் என்னவும் நினைக்கட்டும்.

ஏசிக் குளிரில் மச்சாள் நடுங்குவார். பின்னி முடித்த பகுதியை அவருடைய மடியில் விரித்துவிடுவேன். கூட்டிப்போக வரும் அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை, அவளுக்குச் சூடா இருக்கும்," என்பார். நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

தைப்பொங்கல் முடிய எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒருவர் கனடா போக இருந்தார். அவரிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கரை மட்டும் மிச்சமாக இருந்தபோது மச்சாளின் கண்ணிகள் தளரத் தொடங்கின. நான் தள்ளவே தேவையில்லை, தாமாக வழுக்கி வந்தன. நான் கண்டேன். நான் கண்டதை அவரும் கண்டார்.

"கரையை முடிச்சுப்போடோணும்," என்றார். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வரவில்லை. சண்டை பிடித்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

பொங்கலுக்கு முதலே மச்சாள் போய்விட்டார்.

மகளுக்கு இன்னும் பேப்பர்கள் சரிவரவில்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது. செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தாள். ஒருவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் அண்ணா உள்ளே போய்ப் பையிலிருந்த சால்வையை எடுத்து வந்தார். கடைசி வரியில் ஊசி அப்படியே இருந்தது. நூல் பந்து நிலத்தில் உருண்டு வந்தது. நான் வாய் திறக்குமுன் அதை மச்சாளின் மேல் விரித்துவிட்டார். விரும்பினதைக் கூட வைத்து அனுப்புவது வழக்கம்தானே. அந்த மனுசனில் என்ன பிழை?

நான் பாய்ந்துபோய்ச் சால்வையின் நுனியைப் பிடித்தேன். பெட்டி சுடலைக்குப் போய்விட்டால் எல்லாம் எரிந்துவிடும். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

"மாமி!" போனுக்குள்ளிருந்து மகள் என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். "அதை எடுக்காதேங்கோ. அம்மாக்குக் குளிரும்."

அவளுடைய தோளில் தடித்த குளிர்ச்சட்டை. பின்னால் யன்னல் முழுக்க வெள்ளையாக இருந்தது.

இது உனக்கடி என்று வாய்வரை வந்தது. அண்ணா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சனம் முழுதும் பார்த்தது. சொன்னால் அவள் எதைக் கேட்பாள்? தாயின் மேலிருந்து உருவித் தரும்படியா?

குனிந்து ஊசியை மட்டும் இழுத்தெடுத்தேன். கடைசி வரியின் கண்ணிகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

"கழுத்துவரைக்கும் வடிவா மூடிவிடுங்கோ மாமி," என்றாள்.

மூடிவிட்டேன்.