வெள்ளித் தம்ளரில் குழாய்த் தண்ணீர்

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு வரலாற்றுத் தீர்மானம் நிறைவேறியது. சோதனைக்கு வரும் சுகாதார ஆய்வாளருக்குக் காய்ச்சாத குழாய்த் தண்ணீரைக் கொடுப்பது. அதையும் சீர்வரிசை வெள்ளித் தம்ளரில் கொடுப்பது.

ஆய்வாளர் என் மனைவியின் அண்ணன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் பஞ்சாயத்துக் குழாயில் கொஞ்ச நாளாகச் சாக்கடை வாடை. மகள் மஞ்சள் காமாலையில் படுத்து இப்போதுதான் எழுந்து நடக்கிறாள். அவளுக்கு மட்டும் காய்ச்சிக் கொடுக்கிறோம். மச்சானே வருகிறார், இனி பயமில்லை என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் பையில் சோதனைப் புட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

"எங்க புடிச்சீங்க மச்சான்?"

"தலைவர் ஊட்டுக் கிணத்துல. எப்பவும் அங்கதான். நாஷ்டாவும் அங்கியே ஆச்சு."

"நாங்க குடிக்கிறது குழாத் தண்ணியாச்சே?"

"அத்த அனுப்பினா ஃபெயில் ஆவும் மாப்ள. டேங்க்க மூடச் சொல்வாங்க. ஊரே எம்மேல பாயும். எதுக்கு பேஜாரு?"

மனைவி வெள்ளித் தம்ளரை நீட்டினாள். மரியாதையாக வாங்கி ஜன்னலோரம் வைத்தார்.

"எனக்கு ஒரு சோடா சொல்லும்மா."

சோடாவைக் குடித்தார். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று தெருவில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

உங்கள் ஊர்க் குழாயை யார் வீட்டுக் கிணற்றில் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜீப்பை வழியனுப்பிவிட்டு நாங்கள் உள்ளே வந்தபோது, மாமாவின் வெள்ளித் தம்ளரை மகள் காலி செய்திருந்தாள்.