குட்டையாக்கிய புகைபோக்கி

1. மேகம்

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வரும் அன்று வானம் மூடிக்கொண்டது.

செகந்திராபாத்தை அடுத்த மல்லாபூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் கேன்டீன் மேனேஜராக இருந்தேன். அன்று காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கைப்பையைக்கூட வைக்காமல் மொட்டைமாடிக்கு ஓடினேன். சோலார் டிஷ்கள் எல்லாம் துடைத்துப் பளபளவென்று நின்றன. வெயில்தான் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிஷ் என்பது பெரிய குழிவான கண்ணாடி. வெயிலை ஓர் இடத்தில் குவிக்கும். அந்தச் சூட்டில் தண்ணீர் ஸ்டீமாகி, பைப் வழியாகக் கீழே சமையலறைக்கு வரும். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அதிலேயே வெந்துவிடும். நல்ல வெயில் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சொட்டு டீசல் வேண்டாம். இது உண்மை. இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் காலை இட்லி, வெயில் ஏறுவதற்கு முன்பே வேக வேண்டும். அதற்கும் மழை நாட்களுக்கும் பின்கட்டில் இருந்த பழைய டீசல் பாய்லர்தான். இது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வாசலில் பச்சை எழுத்தில் ஒரு போர்டு வைத்திருந்தோம்: "டீசல் இல்லாத சமையலறை." போர்டு வைக்கச் சொன்னது எங்கள் ஜி.எம். சீனிவாசன் சார். வாசகம் என்னுடையது.

2. போட்டோ

ஒரு வாரம் முன்னால் சீனிவாசன் சார் போட்டோகிராபருடன் மாடிக்கு வந்திருந்தார். எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் டிஷ்களுக்குப் பின்னால் பாய்லரின் புகைபோக்கி விழுந்தது.

"என்ன வசந்தா இது? சோலார் படத்துல நடுவுல கரி பிடிச்ச குழாய் நிக்குது. பாக்கறவா சிரிக்க மாட்டாளா?"

"பாய்லரோடது சார்."

"தெரியறது. மேல் பாகத்தை அறுத்துடச் சொல்லுங்கோ."

வெல்டர்கள் வந்து அறுத்தார்கள். மிஞ்சியது மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம்தான். படம் அழகாக வந்தது. பாய்லர் ஆபரேட்டர் தேவராஜும் பார்த்து, "சூப்பரா இருக்கு மேடம்" என்றார். அந்தப் புகை இனி எங்கே போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்தவள்.

தேவராஜின் குடும்பம் பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ்தான், ஆனால் அந்த ஊர் உருதுச் சொற்கள் கலந்து பேசுவார். காண்டிராக்ட் ஆள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். போட்டோ எடுத்த மறுநாள் அவருக்கு உத்தரவு வந்தது: மாதக் கடைசியோடு பாய்லர் நிறுத்தப்படும், ஆபரேட்டர் தேவையில்லை.

நேராக என்னிடம் வந்தார்.

"டீசல் இல்லேன்னு போர்டு வெச்சிட்டீங்க. அப்போ நீ கைக்கு, எதுக்குன்னு கேக்கறாங்க மேடம். காலைல இட்லி எதுல வேகுதுன்னு சாருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

"விசிட் முடியட்டும் தேவராஜ். கண்டிப்பா சொல்றேன்."

"ஹவ் மேடம்" என்று ஊர்ப் பேச்சில் ஆமாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னை நம்பினார்.

3. கரி

ஆக, அன்று மேகம். பத்து மணிக்கும் ஸ்டீம் வரவில்லை. அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு சமையல்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பாய்லர் ரூமுக்குப் போனேன்.

"தேவராஜ், கொஞ்சம் ஏத்திடுங்க. கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க. அவங்க போற வரைக்கும் வெளியே வர வேண்டாம்."

யாரை வேலையிலிருந்து அனுப்புகிறோமோ அவரிடமே போய் இதைக் கேட்டேன். அவர் பர்னரைப் போட்டார்.

சென்னையிலிருந்து வந்தவர் மாலதி என்ற அதிகாரி. எங்கள் கேன்டீனைப் பார்த்துவிட்டு மற்ற யூனிட்டுகளிலும் இதே ஏற்பாட்டைச் செய்யலாமா என்று முடிவெடுக்க வந்திருந்தார். வெளிர்மஞ்சள் காட்டன் புடவை. கீழே சோறு கொதிப்பதைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்தார்.

"இந்த மேகத்துலயும் ஸ்டீம் வருதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

சீனிவாசன் சார் என்னைப் பார்த்தார். நான், "வருது மேடம்" என்றேன். வார்த்தையில் பொய்யில்லை என்று மனசுக்குள் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் காற்று திரும்பியது. குட்டைப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகக் கிளம்பிய புகை மேலே போகாமல் மாடியோடு படர்ந்து வந்தது. துடைத்து வைத்த கண்ணாடிகள் மேல் கரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாலதி மேடத்தின் தோளிலும் விழுந்தது. அவர் தட்டிவிடப் போக, புடவையில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டது.

"இது எங்கேருந்து வருது?"

சீனிவாசன் சார் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். கீழே சத்தம் கேட்டோ என்னவோ, தேவராஜ் படியேறி வந்தார். கண்ணாடியைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் மேடம். டெஸ்டிங்குக்காகச் சும்மா போட்டேன். யாரும் சொல்லல. மாஃப் பண்ணுங்க."

தன் வேலையைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை, என் மானத்துக்காக அவர் விழுங்கிவிட்டார். சீனிவாசன் சார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விசிட் அன்னிக்கா டெஸ்டிங்? மாசக் கடைசி வரைக்கும்கூட வேண்டாம். நாளைலேருந்து நீ வராதே."

நான் வாயைத் திறக்கவில்லை.

4. பந்தி

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். தேவராஜ் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாம்பார் வந்தது, பிசைந்து சாப்பிட்டேன். ரசம் வந்தது. சீனிவாசன் சார் சூரியசக்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பாயசம் வைத்தார்கள். கப்பை எடுத்தேன், அப்படியே கீழே வைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், இன்னிக்கு இலையில இருக்கறது எல்லாமே டீசல்ல வெந்ததுதான். தினமும் காலை டிபனும் டீசல்தான். பாய்லரைப் போடச் சொன்னது நான். தேவராஜ் பேர்ல தப்பே இல்ல."

"அப்போ அந்த போர்டு?"

"நான்தான் எழுதினேன்."

மாலதி மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"வெயில் இவ்வளவு தருது, மிச்சத்துக்கு டீசல் ஆகுதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தா, அதுவே பெரிய விஷயம்மா. எல்லா யூனிட்லயும் போடச் சொல்லியிருப்பேன். இனிமே வெயில்ல வேகுதுன்னு நீங்க சொன்னா நான் எப்படி நம்புவேன்?"

மற்ற யூனிட்டுகளுக்கு டிஷ் போகவில்லை. அங்கெல்லாம் முழுக்க டீசலிலேயே சமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் போர்டைக் கழற்றினார்கள், புகைபோக்கியைத் திரும்ப ஒட்டவைத்தார்கள். பாய்லர் இல்லாமல் ஆகாது என்று தெரிந்ததால் தேவராஜின் வேலை நிலைத்தது.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெயில் செய்ததை வெயிலின் பேரில் சொல்லுங்கள், டீசல் செய்ததை டீசலின் பேரில் சொல்லுங்கள். அதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்.

விசிட்டுக்கு அடுத்த நாள் பாய்லர் ரூமுக்குப் போனேன். தேவராஜ் பர்னர் நாசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க தேவராஜ். ஆனா சொல்லிட்டேன் இல்ல?"

"ஹவ் மேடம், சொன்னீங்க." கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "சாம்பார் சாப்பிட்டீங்க. ரசம் சாப்பிட்டீங்க. பாயசம் வந்தப்புறம் சொன்னீங்க. நான் வாசல்லயேதான் நின்னுட்டிருந்தேன்."